டாக்சி என்ன ஆச்சு?

எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு டி.வி. அணைந்துவிட வேண்டும். என் மாமியார் போட்ட சட்டம். அத்தையே அதை மீறி நான் பார்த்தது இரண்டே முறை. 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஒன்று. இன்னொன்று, ‘தி நைட் ஆஃப்’.

2016-ல் ஹெச்.பி.ஓ.வில் வந்த எட்டு எபிசோடு தொடர். கோர்ட்டுக்கு மே மாத விடுமுறை விட்டிருந்த நேரத்தில், “நீ கிரிமினல் வக்கீல்தானே, இதைப் பார்க்காமல் எப்படி?” என்று வீட்டுக்காரர் நச்சரித்ததால் ஆரம்பித்தோம். பார்த்தவர்கள் நான், அவர், அத்தை. இரண்டு நாள் ஜாமீன் மனுக்களில் கையெழுத்து வாங்க வந்த எங்கள் ஆபீஸ் குமாஸ்தா அண்ணாச்சியும் காபிக்கு உட்கார்ந்தவர், கடைசிவரை எழுந்து போகவில்லை. முப்பது வருஷமாக பாளையங்கோட்டை கோர்ட்டில் கட்டு தூக்குகிறவர். என்னைவிட அவருக்குச் சட்டம் கொஞ்சம் கூடவே தெரியும். முடிவையெல்லாம் சொல்லப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை இதுதான். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு பாகிஸ்தானியக் குடும்பம். மகன் நாஸிர் கான், சுருக்கமாக நாஸ், சாதுவான கல்லூரி மாணவன். மன்ஹாட்டனில் ஒரு பார்ட்டி. கூட்டிப்போகிறேன் என்ற நண்பன் கைவிரிக்க, அப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய டாக்சிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வண்டி வாடகைக்கு இல்லை என்று காட்டும் விளக்கை எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. ஆட்கள் ஏறுகிறார்கள், கெஞ்சி இறக்கிவிடுகிறான். பிறகு ஒரு பெண் ஏறுகிறாள். அவளை இறக்கிவிடவில்லை. அவள் வீடு, போதை மாத்திரை, கத்தியை வைத்து ஒரு விளையாட்டு. சமையலறையில் கண் விழித்து மாடிக்குப் போனால், படுக்கையில் அவள் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கிறாள். என்ன நடந்ததென்று அவனுக்கே நினைவில்லை.

அடுத்த அரைமணி நேரம் நான் சோபாவில் உட்காரவே இல்லை. ஓடியவன், மறந்துவிட்டதை எடுக்கத் திரும்பி வருகிறான். பூட்டிய கதவின் கண்ணாடியைக் கையால் உடைக்கிறான். கத்தியை எடுத்துக் கோட்டுக்குள் செருகிக்கொள்கிறான். “தொடாத டேய், தொடாத!” என்று நான் கத்தியதில் மாடியிலிருந்து மகன் இறங்கி வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனான். பிறகு தப்பான திருப்பத்தில் வண்டியைத் திருப்பியதற்காகப் போலீஸிடம் மாட்டுகிறான். ஸ்டேஷன் பெஞ்சில் அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறான், கத்தி உள்ளேயே இருக்கிறது, யாரும் சோதிக்கவில்லை. தொடரிலேயே அந்த பெஞ்சுதான் உச்சம். அதற்குப் பிறகு வந்த எந்தக் காட்சியும் எனக்கு அந்த அளவுக்கு வயிற்றைப் பிசையவில்லை.

“எப்பதான் கோர்ட்டு வரும்?” இது வீட்டுக்காரர். நியாயமான கேள்வி. கோர்ட் தொடர் என்று சொல்லிவிட்டு, விசாரணை சூடு பிடிக்க ஐந்து எபிசோடு தாண்டவேண்டியிருக்கிறது. அதுவரை ஃபார்ம் நிரப்புகிறார்கள், கைரேகை எடுக்கிறார்கள், உடைகளைப் பைக்குள் போட்டு முத்திரை வைக்கிறார்கள், வரிசையில் நிற்க வைக்கிறார்கள், வேனில் ஏற்றுகிறார்கள். அவருக்குக் கொட்டாவி வந்தது. அண்ணாச்சி மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, “இதுதான் மேடம் கேஸு” என்றார்.

இரண்டாவது எபிசோடு முடிந்தபோது அத்தை கேட்டார், “அந்த டாக்சி என்னம்மா ஆச்சு?”

“போலீஸ் எடுத்து வச்சிருக்கு அத்தை. அதுவும் சாட்சிப் பொருள்தான?”

“அப்ப அந்த மனுசன் பொழப்புக்கு என்ன செய்வாரு?”

இந்தத் தொடரைப் பற்றி ஏராளமான பேர் ஏராளமாகப் பேசியிருக்கிறார்கள். கொன்றது யார், அந்த முடிவு சரியா, வக்கீலின் கால் ஏன் அத்தனை தடவை காட்டப்படுகிறது. டாக்சியைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் எனக்குத் தெரிந்து என் மாமியார்தான். மூன்றாவது எபிசோடு போட்டதும் எழுதியவர்களும் அதையே யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அந்த டாக்சி நாஸின் அப்பா சலீமுக்கு மட்டும் சொந்தமானதில்லை. மூன்று பேர் கூட்டு. நியூயார்க் மஞ்சள் டாக்சி ஓட்ட, வண்டியின் பானெட்டில் ‘மெடாலியன்’ என்ற ஒரு தகட்டு வில்லை அடித்திருக்க வேண்டும். நகரம் முழுக்க மொத்தமே 13,587 வில்லைகள். அதனால் வில்லையின் விலை வண்டியின் விலையைப் பல மடங்கு தாண்டிப் போய், 2014 வாக்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் தொட்டது. பிறகு ஊபர் வந்து விலை சரிந்து, கடன் வாங்கி வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றது தனிக்கதை. மூன்று குடியேறிகள் சேர்ந்து ஒரு வண்டியை முறை வைத்து ஓட்டுகிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஒருவர் மகன் ஓர் இரவு சாவியை எடுத்தான்; மற்ற இரண்டு வீட்டிலும் உலை கொதிக்கவில்லை. கூட்டாளிகள் சலீமிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள்: உன் மகன் வண்டியைத் திருடினான் என்று புகார் கொடு, நமக்கு ஏதாவது வழி பிறக்கும்.

கொலைக் கேஸில் உள்ளே இருக்கும் மகன்மேல் அப்பனே திருட்டுப் புகாரும் கொடுக்க வேண்டும். சலீமாக நடித்த ஈரானிய நடிகர் பேமான் மோவாடி இதற்கு ஒரு பதிலும் சொல்லாமல் அவர்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! எனக்குக் கூட்டாளிகள்மேல் ஆத்திரமாக வந்தது. அத்தைக்கு வரவில்லை.

“அவுகளும் புள்ளகுட்டிக்காரவதான. என்ன செய்வாவ?” என்றார். பிறகு, கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு கதையைச் சொன்னார்.

மாமாவும் அவர் தம்பியும் பங்கு போட்டு ஒரு லாரி வாங்கியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் டிரைவர், முதலாளிக்குத் தெரியாமல் யாரோ ஏற்றச் சொன்ன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வழியில் மறித்துப் பார்த்தால் ரேஷன் அரிசி. அரிசியோடு லாரியும் உள்ளே போனது. கேஸ் டிரைவர்மேல்தான், ஆனால் வண்டி நின்றது ஒன்றே முக்கால் வருஷம். மாமா வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் வேலிக்கு வெளியே நின்று லாரியைப் பார்த்துவிட்டு வருவாராம். “பொண்ணு கெட்டிக் குடுத்த வீட்ட எட்டிப்பாக்க மாதிரி” என்றார் அத்தை. கடைசியில் விடுவித்தபோது பாட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, இரண்டு டயரும் தார்ப்பாயும் இல்லை. பின்பக்கத் தொட்டியில் சிந்திக் கிடந்த தவிட்டில் எதுவோ முளைத்து முழங்கால் உயரம் நின்றதாம். தம்பிக்கும் மாமாவுக்கும் அதோடு பேச்சுவார்த்தை நின்றது. இன்றுவரை அந்தச் சின்ன மாமனார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் ஏன் மொய் மட்டும் அனுப்புகிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பிடிபட்ட வண்டிகளை ஸ்டேஷனில் போட்டு மக்க வைக்காதீர்கள், போட்டோ எடுத்துவைத்து, பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் சீக்கிரம் கொடுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. வண்டி கேட்டு மனுப் போடும் எந்த வக்கீலுக்கும் அந்தத் தீர்ப்பு மனப்பாடம். ஸ்டேஷன் வாசல்களைப் பார்த்தால் அங்கே நிற்கும் வண்டிகளுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

சலீம் பிறகு ஹோட்டல் சாப்பாடு வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். நாஸின் அம்மா சஃபர் துப்புரவு வேலைக்குப் போகிறார். சஃபராக நடித்த பூர்ணா ஜெகந்நாதனைப் பின்னால் ‘நெவர் ஹாவ் ஐ எவர்’ தொடரில் நளினி என்ற தமிழ் அம்மாவாகப் பார்த்திருப்பீர்கள். அங்கே சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். இங்கே மகன் கொன்றிருப்பானோ என்ற சந்தேகம் வந்தபிறகு வாயே திறப்பதில்லை. அத்தைக்கு அவரைப் பிடிக்கவில்லை. “பெத்தவளே நம்பலன்னா?” என்றார். எனக்கு அந்தச் சந்தேகம்தான் நிஜமாகப் பட்டது. கூண்டில் நிற்கும் பையனின் அம்மாக்களை நான் வராந்தாவில் நிறையப் பார்க்கிறேன். கேஸ் எப்படிப் போகிறது என்பதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். செய்தானா என்று கேட்கும் அம்மாக்கள் அபூர்வம். அவர்களும் எங்களிடம் கேட்க மாட்டார்கள்.

இனி கால். நாஸின் வக்கீல் ஜான் ஸ்டோனுக்கு எக்ஸிமா என்ற அரிப்பு வியாதி. செருப்புதான் போட முடியும். சாப்ஸ்டிக் குச்சியால் சொறிகிறார், காலில் கொழுப்பைத் தடவி பிளாஸ்டிக் தாளைச் சுற்றுகிறார், இதே வியாதிக்காரர்களின் கூட்டத்துக்குப் போகிறார், சைனாடவுன் மருந்துப் பொடி குடிக்கிறார். “அந்தக் கால மூடச் சொல்லு, தோசை இறங்கல” என்று வீட்டுக்காரர் கத்தினார். உண்மைதான், எட்டு மணி நேரத்தில் கால் மணி நேரக் காலை வெட்டியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்தக் கால் அமெரிக்காவில் முளைத்ததில்லை. 2008-ல் பி.பி.சி. ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பிய ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’தான் மூலம். எழுதிய பீட்டர் மொஃபாட் முன்னாள் பாரிஸ்டர். அதிலேயே வக்கீலுக்குத் தோல் வியாதி உண்டு. நியூயார்க் வடிவத்தில் ஸ்டோனாக முதலில் நடித்தவர் ஜேம்ஸ் கண்டோல்ஃபினி. முதல் எபிசோடை எடுத்த பிறகு 2013-ல் இறந்துபோனார். பிறகு ராபர்ட் டி நீரோ வருவதாக இருந்து, கடைசியில் ஜான் டர்டுரோவிடம் வந்தது.

ஸ்டோன் பெரிய வக்கீல் இல்லை. ராத்திரி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய்க் கட்சிக்காரர் பிடிக்கிறவர். ரயிலில் அவர் படத்தோடு விளம்பரம் தொங்குகிறது. நமக்கு பார் கவுன்சில் விதி விளம்பரத்தைத் தடுக்கிறது என்றாலும் ஆளை அண்ணாச்சிக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. “நம்ம கோர்ட்லயும் நாலு பேரு இருக்காக மேடம். இவரு நல்லா பொழைச்சுக்கிடுவாரு. ஆனா செருப்போட ஜட்ஜு முன்னால நிக்க விடமாட்டாக” என்றார்.

தொழில்ரீதியாக நான் ரசித்தது ஒரு இன்ஹேலர். நாஸுக்கு ஆஸ்துமா. கொலை நடந்த வீட்டில் கிடந்த அவன் இன்ஹேலரை, துப்பறியும் அதிகாரி பாக்ஸ் எடுத்துவந்து அவனிடமே நீட்டுகிறார். அவன் நன்றியோடு வாங்கி உறிஞ்சுகிறான். பாக்ஸ் அடிப்பதில்லை, மிரட்டுவதில்லை. பெரியப்பா மாதிரிப் பேசுகிறார். அங்கே அந்தப் பேச்சுதான் ஆயுதம், ஏனென்றால் போலீஸிடம் சொன்ன வாக்குமூலம் அங்கே செல்லும். நம் சாட்சியச் சட்டத்தில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. நம் ஊரில் அந்த இன்ஹேலர், கைப்பற்றிய பொருள்களைக் குறித்துவைக்கும் மகஜரில் ஏறி, ‘சா.பொ.’ (சாட்சிப் பொருள்) என்று நம்பர் போட்ட சீட்டோடு கோர்ட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான்கைந்து எபிசோடு கழித்துக் குறுக்கு விசாரணையில் அதே இன்ஹேலரை வைத்து பாக்ஸை மடக்குகிறார்கள். கொலை நடந்த இடத்தில் இருந்த பொருளை எடுத்து எதிரியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனிடம், கொடுத்தீர்களா, இல்லையா? அண்ணாச்சி தொடையில் தட்டினார்.

மடக்கியது நாஸுக்காக வாதாடும் சந்திரா கபூர் என்ற இளம் வக்கீல். நடித்தவர் அமாரா கரன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். முதல் கேள்வியில் குரல் நடுங்கி, பத்தாவது கேள்வியில் நிலைகொள்வதை அத்தனை அழகாகச் செய்திருந்தார். எனக்கு என் முதல் செஷன்ஸ் கேஸ் ஞாபகம் வந்தது. அப்படி ஒரு பெண்ணை என்ன செய்தார்கள் தெரியுமா? கோர்ட்டின் கைதி அறையில் கட்சிக்காரனுக்கு முத்தம் கொடுக்க வைத்தார்கள். அடுத்து, அவனுக்காகப் போதைப்பொருளை உடம்புக்குள் மறைத்துக் கடத்திவர வைத்தார்கள். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். வீட்டுக்காரர் ரிமோட்டைத் தேடுவதுபோல் நடித்தார்.

தொடர் வந்த நாளிலிருந்தே பார்த்தவர்கள் அதிகம் திட்டியது இந்த இடத்தைத்தான். திட்டியவர்கள் பக்கம்தான் நானும். காதல் வரக்கூடாதென்று சொல்லவில்லை. மனித மனம் எங்கேயும் வழுக்கும். என் கோபம் கதை கட்டியவர்களின் சோம்பேறித்தனத்தின்மேல். கடைசி வாதத்தை ஸ்டோன் செய்தாக வேண்டும், சொறிந்து சிவந்த கையோடு அவர் எழுந்து நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு அந்த நாற்காலியிலிருந்து இந்தப் பெண்ணை எழுப்பியாக வேண்டும். எழுப்ப எத்தனையோ வழி இருக்க, கைக்குக் கிடைத்ததை எடுத்துவிட்டார்கள். ஒரு ஆண் ஜூனியராக இருந்தால் ஒரு ஆவணத்தைத் தாக்கல் செய்ய மறந்திருப்பான், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவள் செய்த நிஜமான தப்பு ஒன்று உண்டு. அதற்கு இந்த முத்தத்தைவிட நூறு மடங்கு கனம். நாஸையே சாட்சிக் கூண்டில் ஏற்றினாள். அரசு வக்கீல் ஹெலன் வைஸ் குரல் உயர்த்தாமல் கேட்டுக்கொண்டே வந்து, அவளைக் கொன்றாயா என்ற இடத்தில் நிறுத்துகிறார். நாஸ் தெரியாது என்கிறான். உண்மையைத்தான் சொல்கிறான். எங்கள் ஹாலில் சத்தமே இல்லை. எதிரியை விசாரிக்காமல் விட்டு, சாட்சியம் முடிந்தபின் நீதிபதி அவனிடம் கேட்கும் கேள்விகளுக்கு (பழைய சட்டத்தில் 313-ஆம் பிரிவு) ‘பொய்’, ‘தெரியாது’, ‘பொய்க் கேஸ்’ என்று சொல்ல வைத்து அமர வைக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை நான் அதற்குமுன் இவ்வளவு மதித்ததில்லை.

இடையில் அவனுக்கு ஒரு பேரம் வருகிறது. கொலையைக் குறைத்து ஒப்புக்கொண்டால் பதினைந்து வருஷம். “ஒத்துக்கிட வேண்டியதுதான, ஆயுளுக்கு இது எவ்வளவோ மேல்” என்றார் வீட்டுக்காரர். நாஸ் நீதிபதி முன்னால் போய், நான் செய்யவில்லை என்று சொல்லிக் கெடுத்துக்கொள்கிறான். அமெரிக்காவில் அப்படிச் சொல்கிறவர்கள் கொஞ்சம்தான். 2012-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றமே ஒரு தீர்ப்பில் குறிப்பிட்ட கணக்கு: ஃபெடரல் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் 97 சதவீதம், மாநில வழக்குகளில் 94 சதவீதம் பேர் விசாரணை நடக்காமலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். நம் நாட்டிலும் 2006-லிருந்து இந்தப் பேரம் உண்டு. ஆனால் ஏழு வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கிடையாது, கொலைக்கு அறவே இல்லை.

ஒப்புக்கொள்ளாதவன் காத்திருக்கும் இடம் ரைக்கர்ஸ் தீவு. நாஸின் ஜாக்சன் ஹைட்ஸ் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். குயின்ஸிலிருந்து ஒரே பாலம். அங்கே போனவன் ஃப்ரெடி என்ற தாதாவின் நிழலில் ஒதுங்கி, மொட்டை அடித்து, விரல் முட்டிகளில் பச்சை குத்தி, போதைக்குப் பழகி, ஒரு கொலைக்கு உடந்தையாகவும் ஆகிறான். தண்டனை கொடுக்கப்படாத ஆள் இவன் என்பதைப் பார்க்கிறவர்களே மறந்துவிடுகிறோம். மிகைப்படுத்தல் என்று சிலர் சொன்னார்கள். கலீஃப் பிரவுடர் என்ற பதினாறு வயதுப் பையனை ஒரு தோள்பையைத் திருடியதாக 2010-ல் பிடித்து அதே ரைக்கர்ஸில் மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். பெரும்பகுதி தனிமைச் சிறை. விசாரணை நடக்கவே இல்லை; வழக்கைக் கைவிட்டு அனுப்பினார்கள். 2015-ல் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அடுத்த வருஷம்தான் இந்தத் தொடர் வந்தது.

கடைசியில், குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டிய பொதுமக்களான ஜூரிகள் ஆறுக்கு ஆறு என்று பிரிந்து நின்றார்கள். முடிவில்லை. “அப்ப ஜட்ஜு எதுக்கு சம்பளம் வாங்குதாரு?” என்றார் அண்ணாச்சி. கிரிமினல் கேஸ்களில் ஜூரியை எப்போதோ கைகழுவிய நாட்டுக்காரருக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். பாக்ஸ் ஓய்வு பெற்றபிறகும் கேமராப் பதிவுகளைத் துருவி, வேறொரு ஆளைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். ஹெலன் வைஸ் அப்போது ஒதுக்கிவைத்தார். ஜூரி பிரிந்தபின், மறுபடி வழக்கு நடத்தவில்லை என்று எழுந்து நின்று சொன்னார். நாஸ் விடுதலை. நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை.

“எட்டு மணி நேரம் பாத்தேன், செஞ்சது இன்னாருன்னு அடிச்சுச் சொல்லல” என்று வீட்டுக்காரருக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கு இந்த முடிவில் குறையே இல்லை. ‘சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து’ என்று முடியும் தீர்ப்புகளை வாங்கிக்கொண்டு வெளியே வரும் என் கட்சிக்காரர்களுக்கும் இதே நிலைதான். ஊருக்குள் போனால் டீக்கடையில் யாரும் தீர்ப்பைப் படித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. நாஸ் வீட்டுக்கு வந்து மொட்டைத் தலையும் பச்சை குத்திய கையுமாக உட்காருகிறான். அம்மாவுக்கு அவனிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

மணி பன்னிரண்டரை. அத்தை ஒன்றும் சொல்லாமல் எழுந்து, வழக்கத்துக்கு மாறாக வாசல் பக்கம் போய்விட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மகன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தான். ஸ்கூட்டர் சாவியைக் காணோம். வாசல் ஆணியில் மூன்று வருஷமாகத் தொங்குகிற சாவி.

“ஆச்சி, நீங்க பாத்தீங்களா?”

அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எங்க போற, யாரு கூட போற, எத்தன மணிக்கு வருவ? மொதல்ல அதச் சொல்லு.”